தலையெழுத்தும் சுறா மூளையும்

(காரியாபட்டிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீசு போட்டதிலிருந்து பல தோழர்கள் நம்மை வழிமறித்து, "காரியாபட்டிக்கும் சுறாவுக்கும் என்னய்யா சம்பந்தம்? நம் கண்மாயில் கெண்டையும் கெளுத்தியும்தானே உண்டு!" என்று கேட்டார்கள். சம்பந்தம் இல்லாமல் இல்லை. நம் ஊர் வழியாகப் போகிற ரோடு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற ரோடு. அந்த ரோட்டில் உப்பு வருகிறது, கருவாடு வருகிறது. கருவாட்டுக் கடையில் சுறாக் கருவாடு தொங்குகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப் புட்டு செய்து கொடுக்காத வீடு இந்தப் பக்கத்தில் எத்தனை? ஆகவே சுறாவின் உடம்பு நமக்கு நன்றாகத் தெரியும். அதன் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. இன்று அதைப் பற்றியே பேசப் போகிறோம். பேசுவதற்கு நமக்கு யோக்கியதை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் நாம். பின்னால் படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலுந்தான். ஆனபடியால் தவறு இருந்தால் படித்த தோழர்கள் தாராளமாகத் திருத்தலாம்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் "கடல் கட்டி" என்று ஒரு ஆசாமி உண்டு. முத்துச் சலாபம் நடக்கும்போது சுறாக்கள் குளிகாரனைக் கடித்து விடாமல் மந்திரத்தால் அவற்றின் வாயைக் கட்டுவது இவர் வேலை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகர வியாபாரி இதை எழுதி வைத்திருக்கிறார். எடுக்கிற முத்தில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மீன் கட்டுகிற மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்காம். ராஜாவுக்குக் கொடுப்பதில் சரிபாதி! அவர் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அந்த மந்திரக்காரர்கள் பிராமணர்களாகவே தெரிகிறது. பகலில் கட்டின கட்டை ராத்திரி அவிழ்த்து விடுவார்களாம். அவிழ்த்தால்தானே மறுநாள் மறுபடியும் கட்டலாம்! 500 வருஷம் கழித்து வெள்ளைக்காரர் நடத்திய சலாபத்திலும் இந்த வழக்கம் நின்றபாடில்லை. ஒருவர் தலைமைப் படகில் போவார், இன்னொருவர் கரையில் உட்கார்ந்து சடங்கு செய்வார். டென்னன்ட் என்ற துரை 1859-ல் வெளியிட்ட இலங்கையைப் பற்றிய புத்தகத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இந்த வித்தை தகப்பன் பிள்ளை என்று பரம்பரையாக வருவதாம். அப்போது அந்தக் குடும்பத்துத் தலைவர் ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவராம். சுறாவுக்கு மதம் ஏது? எந்த மதத்துக்காரர் முணுமுணுத்தாலும் கட்டுப்பட்டுக் கொள்கிறது!

குளிகாரனை நாம் பரிகாசம் செய்யவில்லை. மூச்சை அடக்கிக் கொண்டு ஆழத்துக்குப் போகிறவனுக்குப் பயம் நிஜம். அந்தப் பயத்தின் மேல் இருபதில் ஒரு பங்கு வசூல் செய்தார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம். அத்தனை நூற்றாண்டு வாயைக் கட்டினீர்களே, ஒரு தடவையாவது தலையைத் திறந்து பார்த்தீர்களா? தூத்துக்குடிப் பக்கத்துச் சலாபம் 1961-ம் வருஷத்தோடு நின்று போயிற்று. முத்துச் சிப்பி அற்றுப் போனதால் நின்றதே தவிர, மந்திரம் தோற்றதால் நிற்கவில்லை.

நாம் திறந்து பார்த்தோம். அதாவது தூத்துக்குடியில் மீன் அறுக்கிற ஒரு தோழர் நமக்காகத் திறந்து காட்டினார். ஆட்டுத் தலையைப் பிளக்கக் கத்தி போதாது, வெட்டரிவாள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சுறாவின் மண்டைக்கு அது வேண்டியதில்லை. அதன் உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் நம் காது மடலில் இருக்கிறதே, அது போன்ற குருத்தெலும்பு. சாதாரணக் கத்தியால் சீவச் சீவ வந்தது. உள்ளே வழவழப்பான நீருக்கு நடுவில் வெள்ளையாக மூளை. முன்னால் மூக்கிலிருந்து இரண்டு காம்பு வருகிறது. அதன் பின் ஒரு கட்டி. அதன் பின் கண் பார்வைக்கான இரண்டு மேடு. அதன் மேல் சாய்ந்தாற்போல் சிறுமூளை. கடைசியாக முகுளம், அது அப்படியே முதுகுத் தண்டாக நீண்டு போகிறது. அந்தத் தோழர் நம்மைப் பார்த்து, "ஆட்டு மூளை மாதிரியே இருக்குதேண்ணே, மடிப்புத்தான் கொறைச்சல்" என்றார். அவர் ஒரு புத்தகமும் படித்தவரில்லை. ஆனால் 150 வருஷ ஆராய்ச்சியை அந்த ஒரு வார்த்தையில் சொல்லி விட்டார். ஆட்டுக்கும் சுறாவுக்கும் உங்களுக்கும் நமக்கும் மூளையின் பாகங்கள் அவைதான், அந்த வரிசைதான். எதற்கு எது பெரிது என்பதில்தான் வித்தியாசம்.

சுறாவின் வம்சமும் நம் வம்சமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஏறக்குறைய 45 கோடி வருஷமாகிறது. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் இந்த வரிசை மாறவில்லை.

இதைப் பார்த்த பண்டிதர்களும் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் நாட்டுச் சாஸ்திரிகள் செய்ததையே செய்தார்கள். ஒரு ஏணி கட்டினார்கள். ஜெர்மனியில் எடிங்கர் என்ற பெரிய ஆராய்ச்சிக்காரர், 1900-ஐ ஒட்டி, மீன் கீழ்ப்படி, தவளை அடுத்த படி, பல்லி அடுத்தது, பாலூட்டி மேலே, மனிதன் உச்சியில் என்று வைத்து, ஒவ்வொரு படியிலும் பழைய மூளையின் மேல் புதிய மூளை ஒரு மாடியாக ஏறியது என்றார். சுறாவின் முன்மூளை வெறும் மோப்ப மூளை, அதற்கு மோந்து பார்க்கத்தான் தெரியும் என்பதே வெகு காலம் வரை படித்தவர்களின் அபிப்பிராயம். பிறகு அமெரிக்காவில் மக்லீன் என்பவர், நம் தலைக்குள் அடித்தட்டில் பல்லி மூளை, நடுவில் மிருக மூளை, மேலே மனித மூளை என்று மூன்று அடுக்குச் சொன்னார். அது இன்றைக்கும் மேடைப் பிரசங்கிகள் வாயில் உலாவுகிறது. "உன் பல்லி மூளையை அடக்கு" என்று காசு வாங்கிக் கொண்டு உபதேசம் செய்கிறவர்கள்கூட உண்டு.

மேல்படிக்காரர் சொன்னதைக் கீழ்ப்படிக்காரர் நம்பி விடுவது நம் சமூகத்துக்குப் பழக்கந்தான். ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யார் சொன்னாலும் அறுத்துப் பார்க்கலாம். 1970-ஐ ஒட்டி எப்பெஸ்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வகைச் சுறாவின் மூளையில் நரம்பு இழை இழையாகப் பின்தொடர்ந்து போனார்கள். மூக்கிலிருந்து வருகிற நரம்பு முன்மூளையில் ஒரு சிறு பாகத்துக்குத்தான் போயிற்று. மிச்ச இடத்தில் கண்ணிலிருந்து வருகிற செய்தியும் வந்து சேர்ந்தது. மோப்ப மூளை என்ற கதை அன்றோடு சரி. அதே காலத்தில் மூளையை நிறுத்து, உடம்பை நிறுத்து, கணக்குப் போட்டுப் பார்த்ததில், சில சுறாக்களும் திருக்கைகளும் உடம்புக்குத் தக்கபடி வைத்திருக்கிற மூளை சில பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் சமமாக இருந்தது. மீனிலேயே பெரிய மூளை உடையது நம் கொம்புத் திருக்கை ஜாதியைச் சேர்ந்த பெரிய திருக்கைதான். கொம்பன் சுறாவின் முன்மூளையும், மடிப்பு மடிப்பான சிறுமூளையும் சுறாக்களிலேயே விசேஷமானவை.

அப்படியானால் மனித மூளை எப்படி இவ்வளவு பெரிதாயிற்று? மாடி கட்டினதால் அல்ல. 1995-ல் பின்லே, டார்லிங்டன் என்ற இருவர் 131 வகைப் பாலூட்டிகளின் மூளையை ஒப்பிட்டு ஒரு எளிய விஷயத்தைக் கண்டார்கள். மூளையின் பாகங்கள் கருவில் ஒரே சமயத்தில் உண்டாவதில்லை, ஒரு வரிசைப்படி உண்டாகின்றன. முகுளம் முன்னால் முடிகிறது, பெருமூளையின் மேற்பட்டை கடைசியில் முடிகிறது. எந்த ஜீவனில் இந்த வேலை நடக்கிற நாள் நீளுகிறதோ, அதில் கடைசியாக முடிகிற பாகமே அதிகமாகப் பெருக்கிறது. விருந்துக்குச் சாப்பாடு தயாராகும்போது அடுப்பு இன்னும் ஒரு மணி நேரம் எரிந்தால், முன்பே இறக்கின சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை, கடைசியாக ஏற்றின சட்டிதான் இன்னும் வேகும் அல்லவா? அது மாதிரி. 2010-ல் யோபாக் என்ற பெண்மணியும் சகாக்களும் சுறாக்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். சுறாவிலிருந்து குரங்கு வரை ஏறக்குறைய அதே கணக்கு வந்தது. ஏணியும் இல்லை, மாடியும் இல்லை. ஒரே விதமான கட்டுமானம், வேறு வேறு நாள் கணக்கு.

முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்கிறார்களே, அவர்களுக்கு ஒரு செய்தி. எந்த ஜாதியாருடைய மூளையும் கருவின் மேல்தோல் உண்டாகிற அதே படலத்திலிருந்துதான் உண்டாகிறது. சுறாவின் மூளையும் அப்படியே. இங்கிலாந்தில் பால்பர் என்ற இளைஞர் சுறா, திருக்கை ஜாதிகளின் கரு வளர்ச்சியைப் பற்றி ஒரு பெரிய புத்தகத்தை 1878-லேயே வெளியிட்டார். அவர் 30 வயதில் மலையேறப் போய் இறந்து விட்டார். முட்டையிடுகிற மூங்கில் சுறா நம் கடலிலும் உண்டு. அந்த முட்டைக் கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கரு நெளிவது தெரியும். 2013-ல் ஆஸ்திரேலியாவில் அந்த இனக் கருவுக்குப் பக்கத்தில், பகை மீன் வந்தால் உண்டாகிற மாதிரி லேசான மின்சாரத்தைக் காட்டினார்கள். கூட்டுக்குள் இருந்த குஞ்சு மூச்சசைவையே நிறுத்திக் கொண்டு அசையாமல் கிடந்தது. சுறாவின் மூக்கைச் சுற்றி மின்சாரத்தை உணருகிற சிறு குழிகள் உண்டு, அதைக் கவனிப்பதற்கென்றே முகுளத்தில் ஒரு பாகமும் உண்டு. அபிமன்யு வயிற்றுக்குள் சக்கர வியூகம் படித்தானென்று கதை கேட்டு ஆச்சரியப்படுகிறோம். இது கதையல்ல, போய்ப் பார்க்கலாம்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிற தாய்மார்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தட்டையான காகிதம், அதைச் சுருட்டுகிறீர்கள், ஓரத்தை ஒட்டுகிறீர்கள், குழாய் ஆகிறது. மூளையும் அப்படித்தான் துவங்குகிறது. கரு உண்டான மூன்றாவது வாரத்தில் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான தகடு. அதன் இரண்டு ஓரமும் எழும்புகிறது, வளைகிறது, நடுவில் ஒட்டிக் கொண்டு இரண்டு முனைக்கும் ஒட்டிக் கொண்டே போகிறது. 28 நாளுக்குள் இரு முனையும் மூடியாக வேண்டும். தலைப் பக்கத்து முனை மூன்று குமிழாக வீங்கும், அவையே முன்மூளை, நடுமூளை, பின்மூளை. சுறாக் கருவிலும் இதே தகடு, இதே சுருட்டல், இதே மூன்று குமிழ். ஓரம் ஒட்டாமல் விட்டால்? கீழ்ப்பக்கம் ஒட்டாவிட்டால் முதுகுத் தண்டு பிளந்த குழந்தை. மேல்பக்கம் ஒட்டாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாத குழந்தை. அது பிழைக்காது.

நமது சித்தப்பா மகள் ஒருத்தி. பெயர் வேண்டாம். 2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் சூரிய கிரகணம் பிடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக் கொண்டிருக்க, அவள் கொல்லையில் போய் முருங்கைக்கீரை ஒடித்து வந்து அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கி விட்டாள். முதல் ஸ்கேனுக்கு அவளை அனுப்பவே இல்லை. பத்து நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையின் மேல்பாகம் இல்லை என்று தெரிந்தது. குழந்தை தங்கவில்லை. மாமியார் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டாள், பிள்ளை தலையை அறுத்துப் போட்டாள்." அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். எட்டு மாதம் அங்கேயே கிடந்தாள். அவளே அதை நம்பினாள் என்பதுதான் நமக்குத் தாங்காத விஷயம். "அண்ணே, நான் ஏன் அன்னைக்கு வெளியே போனேன்?" என்று நம்மையே கேட்டாள்.

நாம் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி: "உனக்குக் குளியல் தள்ளிப் போனது எப்போது?" ஆகஸ்டில் என்றாள். தோழர்களே, கணக்குப் பாருங்கள்! அந்தக் குழல் மூடியிருக்க வேண்டியது ஆகஸ்டு கடைசியில், அதிகமாகப் போனால் செப்டம்பரில். மூடாமல் போனது அப்போதே. கிரகணம் வந்தது டிசம்பரில்! மூன்று நான்கு மாதத்துக்கு முன் நடந்து முடிந்த காரியத்தை ராகுவும் அரிவாள்மனையும் சேர்ந்து எப்படிச் செய்ய முடியும்? திருட்டு நடந்து நாலு மாதம் கழித்து ஊருக்கு வந்தவனைத் திருடன் என்று பிடிப்பார்களா? இதை அவளுடைய மாமியாரிடமும் போய்ச் சொன்னோம். அந்த அம்மாள் கெட்டவரல்ல. அவருக்கு யாரும் அந்த 28 நாளைப் பற்றிச் சொன்னதில்லை.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்தக் குழல் மூடுவதற்கு உயிரணுக்கள் மளமளவென்று பெருக வேண்டும். அப்படிப் பெருகுவதற்கு வேண்டிய ஒரு சத்து கீரையில் இருக்கிறது. அதைத் தேடின கதை நம் நாட்டில் துவங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி 1928-ல் பம்பாய்க்கு வந்து, மில்லில் வேலை செய்கிற கர்ப்பிணிகளுக்கு வருகிற ரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் வேலை செய்தார், 1931-ல் சென்னையிலும் வேலை செய்தார். சென்னையில் அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியின் பெயர் என்ன தெரியுமா? "ஜாதி ஸ்திரீகள், கோஷா ஸ்திரீகள் ஆஸ்பத்திரி"! இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரில் இருப்பது அதுதான். ரத்தத்துக்கு ஜாதி பார்த்த காலம். மலிவான ஈஸ்ட் சாறு ஒன்றைக் கொடுத்தால் அந்தச் சோகை தீருகிறது என்று 1931-ல் வில்ஸ் எழுதினார். அதிலிருந்த சத்து இன்னதென்று தெரிய மேலும் பத்து வருஷம் ஆயிற்று. 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலை இனத்துக் கீரையை வைத்துக் கொண்டு அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1991-ல் முடிந்த பெரிய பரிசோதனையில், முன்பு ஒரு தடவை இப்படிக் குழந்தை பிறந்த தாய்மாருக்குக் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே இதைக் கொடுத்துப் பார்த்ததில், மறுபடியும் அப்படிப் பிறப்பது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது.

தங்கை அன்று நறுக்கின முருங்கைக்கீரையிலும் இந்தச் சத்து இருக்கிறது. அதற்காகக் கீரை தின்னாததால்தான் அப்படி ஆயிற்றென்று இன்னொரு குற்றத்தை அவள் தலையில் வைத்து விடாதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிற வீட்டிலும் இது நேருகிறது, மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு நேருகிறது. யாருடைய பாவமும் அல்ல. ஆனால் குறைக்கக் கூடியது. குளியல் தள்ளிப் போய், சந்தேகம் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரை வாங்குவதற்குள் அந்த 28 நாள் கடந்து விடுகிறது. ஆகவே கலியாணமான பெண், பிள்ளை வேண்டுமென்று நினைக்கிற போதே துவங்க வேண்டும். முன்பு இப்படி ஒரு குழந்தையை இழந்தவர்களுக்கு அளவு பத்து மடங்கு, அதை டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

இனித் தலையெழுத்து. சுடுகாட்டில் மண்டையோட்டைப் பார்த்தவர்கள், அதில் கோணல்மாணலாக ஓடுகிற கோடுகளைக் காட்டி, "பார், பிரம்மா எழுதின எழுத்து" என்பார்கள். நாமும் சிறு வயதில் பயந்து பார்த்திருக்கிறோம். சுறாவின் மண்டையில் அப்படி ஒரு கோடும் இல்லை. ஒரே குருத்தெலும்புப் பெட்டி. பிரம்மா அதற்கு எழுத மறந்தாரா? சங்கதி என்னவென்றால், நம் மண்டையோடு பல எலும்புத் துண்டுகளால் ஆனது, துண்டுகள் சேருகிற மூட்டுத்தான் அந்தக் கோடு. பிறந்த குழந்தையின் மூளை ஏறக்குறைய 350 கிராம். இரண்டு வயதுக்குள் அது பெரியவர்களுடைய அளவில் முக்கால் பங்குக்கு மேல் வந்து விடுகிறது. இரும்புப் பெட்டி மாதிரி ஓடு ஒரேயடியாக மூடியிருந்தால் மூளை எங்கே வளரும்? அதற்குத்தான் மூட்டு, அதற்குத்தான் குழந்தையின் உச்சிக்குழி. சுறாவின் மூளை ஆயுள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கொண்டே இருக்கும், அதன் பெட்டியும் கூடவே வளரும். விதி எழுதின கோடு என்று நாம் பயந்தது, வளருவதற்கு விட்ட சந்து!

சென்னை ஐ.ஐ.டி.யில் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஒரு படத் தொகுதிக்குத் "தரணி" என்று பெயர். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான சிசுக்களின் மூளையை மெல்லிய சீவலாகச் சீவி 5,132 படமாக்கி, உலகத்தார் எவரும் காசில்லாமல் பார்க்கலாமென்று விட்டிருக்கிறார்கள். மகன் அல்லது மகள் கம்ப்யூட்டர் படிக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். எத்தனை சீவலைப் பார்த்தாலும் அதில் எழுத்து ஒன்றும் இருக்காது, நரம்பணுக்கள் பிறந்த இடத்திலிருந்து மேற்பட்டைக்கு வரிசையாக நடந்து போவதுதான் தெரியும்.

கடைசியாகப் பகுத்தறிவு என்பது நமக்குப் பிடித்த சாப்பாட்டையும் விடாது. சுறாப் புட்டு நமக்கும் பிடிக்கும். ஆனால் பெரிய சுறா பல வருஷம் மற்ற மீனைத் தின்று வாழ்கிறது. கடலில் இருக்கிற பாதரசமெல்லாம் சிறுகச் சிறுக அதன் சதையில் சேருகிறது. தாய் தின்றால் அது கருவுக்கும் போகும், வளருகிற மூளையைக் கெடுக்கும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாகப் போய் எத்தனை குழந்தைகளைக் கெடுத்ததென்று 1956-க்குப் பிறகு உலகம் பார்த்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் சுறா தின்ன வேண்டாமென்று அமெரிக்க சர்க்கார் 2004-ல் கொடுத்த புத்திமதியில் பெயர் சொல்லியே இருக்கிறது. பாட்டி சொன்னதென்பதற்காகப் பாதரசம் இளகி விடாது. நெத்திலியும் சாளையும் அதே ரோட்டில்தான் வருகின்றன, விலையும் மலிவு, சத்தும் குறைவில்லை.

தங்கை கணவன் வீட்டுக்குத் திரும்பி விட்டாள். டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் முன்னதாகவே மாத்திரை துவங்கினாள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. மாமியார் அது கோயிலுக்கு நேர்ந்து கொண்டதால் என்கிறார். மாத்திரையையும் அவர்தான் தினம் எடுத்துக் கொடுத்தார் என்பதால் நாம் சண்டைக்குப் போகவில்லை.

கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு சீட்டு இப்போதே வந்திருக்கிறது: "பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல மாத்திரையை எங்கள் மகள் துப்பி விட்டு வருகிறாள், என்ன செய்ய?" என்று ஒரு தாயார் கேட்கிறார். அதில் இரும்புச் சத்தும் இதே போலிக் அமிலமும் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் துப்புகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். கலியாணமானவர்கள் தினமும் போடுகிற மாத்திரையை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.